பலகைக்கு அடியில் ஒதுங்கிய குஞ்சுகள்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மின்சாரத்தோடு புழங்குகிறவர்களில் பயமே கிடையாது என்று மார்தட்டுகிறவர்கள் ஒன்று பொய் சொல்கிறார்கள், இல்லையென்றால் இன்னும் சரியாக ஷாக் வாங்கவில்லை. ராசிபுரத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, இன்று தறிகளின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்த்துப் பிழைக்கிறேன். ஆனாலும் சுவிட்சைப் போடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். கடைக்கு வருகிற தறிக்காரர்கள், "போர்டு கடிக்காதுங்கக்கா" என்று கிண்டல் செய்வார்கள். கடிக்கும். என் உள்ளங்கையில் இருக்கிற தழும்பைக் கேட்டால் தெரியும்.

ஆனால் அந்த மார்கழியில் நான் பட்ட பயம் இந்த ரகம் அல்ல.

என் தங்கை எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டங்காட்டுக்குள் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் லாரி டிரைவர். சொந்த வண்டி இல்லை. நாமக்கல்லில் ஒருவருடைய வண்டியை வடக்கு லைனில் ஓட்டுகிறார். அதற்கு முந்தைய வருடம் ஒருநாள் வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. புருவத்தில் தையலோடு வந்து சேர்ந்தார். தூங்கிவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளிடம் ஒரு பழக்கம் வந்தது. செல்போன் அடித்தால் கையில் இருப்பதைக் கீழே வைப்பாள், எங்காவது உட்காருவாள், அப்புறம்தான் எடுப்பாள். பேசுவது ரேஷன் கடைக்காரராக இருந்தாலும் சரி. ஏன் என்று கேட்டதற்கு, "நின்னுட்டு எடுத்தா காலு தாங்காதுக்கா" என்றாள்.

அவரை வண்டியிலிருந்து இறக்குவதற்காகத்தான் அவள் கோழிப்பண்ணை போட்டாள். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், வளர்த்துக் கொடுத்தால் வளர்ப்புக் கூலி. முதல் பேட்ச் நல்லபடியாக வளர்ந்து கம்பெனி லாரியில் ஏறிவிட்டால் வண்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். குஞ்சுகள் செத்துப்போனால் கம்பெனி அடுத்த பேட்ச் தராது. ஆக, அந்த ஷெட்டில் கத்திக்கொண்டிருந்த மஞ்சள் குஞ்சுகளெல்லாம் சேர்ந்துதான் அவரை வடக்கிலிருந்து இழுத்துக்கொண்டு வரவேண்டும். பாவம், அவற்றுக்கு இது தெரியாது.

குஞ்சுக்கு முதல் இரண்டு வாரம் சூடு முக்கியம். மார்கழிக் காற்று உள்ளே வராமல் ஷெட்டின் வலைக்கம்பிகளை மூடிப் படுதா கட்டியிருந்தார்கள். நடுவில் சூட்டுக்காக வைத்த கேஸ் அடுப்புகள், புரூடர்கள், எரிந்தன. சூடு எத்தனை என்று பார்க்க வேண்டுமென்றால் செருப்பை மாற்றி, கிருமி போகாமல் இருக்கப் போட்ட சுண்ணாம்புத் தூளில் கால் வைத்து, கதவைத் திறந்து உள்ளே போகவேண்டும். போகும்போதெல்லாம் குளிர்காற்றும் கூடவே போகும், குஞ்சுகள் சிதறி ஓடும். அவள் கணவரோ வடக்கே மூடுபனியில் வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் போன் போட்டால் முதல் வார்த்தையே, "எத்தனை காட்டுது?" தான். அவர் அங்கிருந்து கேட்பார், இவள் இங்கிருந்து ஓடுவாள்.

அடுப்படி ஜன்னலிலிருந்தே தெரிகிற மாதிரி, ஷெட்டின் சூட்டை ஃபாரன்ஹீட்டில் பெரிய எழுத்தில் காட்டுகிற ஒரு பலகை செய்து தருகிறேன் என்று வாய்விட்டவள் நான்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு ஜவுளிக்கடையை மூடியபோது, அதன் நெற்றியில் தள்ளுபடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த எல்.இ.டி. பலகையை என் கடை வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மழைத்தண்ணீர் புகுந்து உள்ளே டிரைவர் போர்டு கரிந்து கிடந்தது. சிவப்பு விளக்குக் கட்டங்கள் மட்டும் பழுதில்லாமல் இருந்தன. டிரைவரை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

டிரைவர் என்பது பெரிய மந்திரமில்லை. பலகையில் இருக்கிற விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. மேல் வரிசை எரிந்து அணையும், அடுத்த வரிசை எரிந்து அணையும், இப்படியே கடைசி வரிசைவரை போய்த் திரும்ப மேலே வரும். தறியில் ஊடை நூல் ஒவ்வொன்றாக விழுந்து சேலையாகிற மாதிரி. ரொம்ப வேகமாக நடப்பதால் நம் கண் ஏமாந்து முழு எழுத்தாகப் பார்க்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் மின்சாரத்தைத் திறந்து மூடுகிற டிரான்சிஸ்டர்களும், அவற்றுக்கு உத்தரவு போடுகிற சின்ன சிப்பும் சேர்ந்ததுதான் டிரைவர்.

சொல்லும்போது சுலபம். செய்யும்போது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு வரிசை கண்ணிமைக்கும் நேரத்துக்குத்தான் அத்தனை மின்சாரத்தைத் தாங்கும். நடுவில் சிப் மயங்கி நின்றுவிட்டால், எரிகிற வரிசை எரிந்துகொண்டே இருந்து கருகிவிடும். அந்த ஷெட்டில் கீழே பரப்பியிருப்பது தேங்காய் நார்த்தூள், பக்கத்தில் பிளாஸ்டிக் படுதா, நடுவில் கேஸ். ஒரு பொறி போதும். கண்ணை மூடினால் அந்த ஷெட் எரிவதுதான் தெரிந்தது. சிப் நின்றுவிட்டால் மொத்தப் பலகையையும் தானாக அணைத்துவிடுகிற ஒரு காவல் சர்க்யூட் போட்டேன். அதற்கு மேல் ஒரு ஃபியூஸ். அந்த ஃபியூஸை நம்பாமல் இன்னொரு ஃபியூஸ்.

அப்படியும் டிரான்சிஸ்டர்கள் சுட்டன. நான் வாங்கியிருந்த ரகம் திறக்கும்போது சட்டென்று திறந்தது, மூடும்போது முரண்டு பிடித்தது. ஒவ்வொரு முறை மூடும்போதும் கொஞ்சம் சூடு. வேகமாக ஓட்டினால் அந்தச் சூடெல்லாம் சேர்ந்து, விரலை வைத்தால் வெடுக்கென்று எடுக்கவேண்டியிருந்தது. சீக்கிரமாக மூட வைக்கச் சர்க்யூட்டை மாற்றிப் போடவேண்டும். அதற்குள் தங்கை, குஞ்சுகளைச் சுற்றி வைத்திருந்த தகர வளையத்தை மறுநாள் எடுக்கப்போகிறோம், பலகை எங்கே என்று போன் செய்தாள். நான் சுலபமான வழியில் போனேன். வரிசைகள் மாறி மாறி எரிகிற ஓட்டத்தைக் குறைத்தேன். குறைக்கக் குறைக்க டிரான்சிஸ்டர் குளிர்ந்தது. எழுத்து ஆடுகிறது என்று என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த இடத்திலிருந்து ஒரு சிட்டிகை கூட்டி, அங்கேயே நிறுத்திவிட்டேன். இனிமேல் தீப்பிடிக்காது என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயம் சொன்னபடிதான் கேட்டேன்.

வளையத்தை எடுத்த அன்றைக்கே பலகையையும் மாட்டினோம். வெளியே மாட்டினால் மழை பெய்யும், தண்ணீர் புகும் என்று எனக்கு அதற்கும் பயம். அதனால் ஷெட்டின் கடைக்கோடிச் சுவரில், உள்பக்கமாக, வீட்டைப் பார்த்த மாதிரி மாட்டி, இந்தக் கோடியில் படுதாவை ஒரு சாண் விலக்கி, காற்று புகாமல் கண்ணாடித்தாளை ஒட்டிவிட்டோம். தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, தொண்ணூத்தி ரெண்டு! தோசை சுட்டுட்டே பாக்கலாமுக்கா!" என்று கத்தினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொழுது சாய்கிறவரைக்கும் ஒன்றுமில்லை. வெளிச்சம் மங்கி, ஷெட்டுக்குள் மஞ்சள் பல்பும் என் சிவப்பு எழுத்தும் மட்டும் இருந்தபோது சத்தம் மாறியது. குஞ்சுகள் நன்றாக இருக்கும்போது ஒரு சத்தம் இருக்கிறது. கீச்சு கீச்சென்று, யாரோ ஊர்க்கதை பேசுகிற மாதிரி. இது அதுவல்ல. ஒரே குரலாக, கூர்மையாக இருந்தது. தங்கை கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன்.

குஞ்சுகள் எல்லாம் பலகைக்கு நேர் அடியில், சுவரோரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. முட்டிக்காலுக்கு மேல் உயரமான மஞ்சள் குவியல். அது அசைந்தது. மேலே இருப்பவை உள்ளே புதையப் பார்த்தன, உள்ளே இருப்பவற்றுக்கு மூச்சுக்கு இடமில்லை. தங்கை மண்டி போட்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பின்னால் விட்டாள். "போங்க சாமி, தள்ளிப் போங்க, சாமி, ஏஞ் சாமி இப்பிடிப் பண்றீங்க" என்று அழுதுகொண்டே அள்ளினாள். விட்டவை திரும்ப ஓடிவந்து ஏறின. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள், "அக்கா, கை போடுக்கா!" என்று கத்திய பிறகுதான் உள்ளே போனேன்.

அடியில் தட்டையாகக் கிடந்தவற்றை அவள் ஒரு தீவனச் சாக்கில் போட்டாள். எத்தனை என்று நான் பார்க்கவில்லை. அவள் சாக்கின் வாயைக் கட்டிக் கதவோரமாக வைத்தாள்.

மறுநாள் காலையில் கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். பகல் வெளிச்சத்தில் குஞ்சுகள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஷெட் முழுக்கப் பரவி மேய்ந்துகொண்டிருந்தன. அவர் சாக்கைத் திறந்து பார்த்தார். "ஒரே மூலைக்கு ஒதுங்குச்சுன்னா எங்கியோ காத்து அடிக்குதுன்னு அர்த்தமுங்க அம்மணி. வளையத்த எடுத்ததுல குஞ்சுக்கு எடம் புதுசு வேற. படுதாவ இறுக்கிக் கட்டுங்க" என்றார். கிளம்பும்போது பைக்கில் உட்கார்ந்துகொண்டு, "இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா அடுத்த பேட்சுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. தன்மையாகச் சொன்னார்.

அன்று பகல் முழுக்க ஓட்டை தேடினோம். சாக்கைக் கிழித்துச் செருகினோம், மண்ணை அணைத்தோம், ஊதுபத்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து பார்த்தோம். புகை நேராகத்தான் மேலே போனது. சாயங்காலம் வருவதை அவ்வளவு வெறுப்போடு நான் என்றைக்கும் பார்த்ததில்லை. தங்கை அடுப்பே மூட்டவில்லை. குஞ்சுகளுக்கு நடுவில் பலகைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெளிச்சம் மங்கியது. அவை வந்தன. அவள் மடியில் ஏறின, முதுகில் ஏறின, புடவைக்குள் புகுந்தன. அவள் அசையாமல் இரண்டு கையையும் வேலி மாதிரி விரித்துக்கொண்டு இருந்தாள். நான் அள்ளி அள்ளிப் பின்னால் விட்டேன்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. உட்கார்ந்துதான் இருந்தாள், எடுத்தாள். அவர்தான். குஞ்சு செத்ததை அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பனியில் ஸ்டியரிங் பிடிக்கிற மனுஷனிடம் சொல்லக்கூடாது என்று இருந்தாள். முதல்நாள் சாயங்காலம் எல்லாம் நன்றாக இருந்தபோது பலகையை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். அதை அவர் இப்போதுதான் பார்த்திருக்கிறார். என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"ஏனுங்கக்கா, வீடியோவுல பலகை ஒரு மாதிரி துடிக்குதுங்க. கருப்புக் கோடு கோடா ஓடுது. ஒயரிங் ஏதும் லூசுங்களா? தீகீ புடிச்சுறப் போவுதுங்க."

என் மேல் ஒரு குஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு இருந்த படபடப்பில் எரிச்சல்தான் வந்தது. தீப்பிடிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். "அது கேமராவுக்கு அப்பிடித்தான் தெரியும் தம்பி. பலகை நெசமாலுமே அணைஞ்சு அணைஞ்சுதான் எரியுது. நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான்" என்றேன்.

சொன்னேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். நம் கண்ணுக்குத் தெரியாது. குஞ்சின் கண்ணுக்கு?

குனிந்து குவியலைப் பார்த்தேன். பலகைக்கு நேர் அடியில். அதன் வெளிச்சம் விழாத ஒரே இடம் அதுதான். காற்றுக்குப் பயந்து அல்ல, என் எழுத்துக்குப் பயந்து ஒளிந்திருக்கின்றன. எனக்கு அமைதியாக எரிகிற பலகை, அவற்றுக்கு இருட்டில் நிற்காமல் வெட்டிக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று. போனைத் தங்கை கையில் திணித்துவிட்டு ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

சிவப்பு போனது. மஞ்சள் பல்பு மட்டும் இருந்தது. குவியலின் ஓரத்திலிருந்து ஒரு குஞ்சு இறங்கி, நார்த்தூளைக் கிளறியது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தங்கையின் மடி காலியானது. அவள் விரித்த கையை மடக்காமல் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"பலகைதான்" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து புடவையை உதறினாள். "அதக் கழட்டி எறிஞ்சுரலாம்னு பாத்தா, அவரு நாளைக்கும் எத்தனை காட்டுதுன்னு கேப்பாருக்கா. நம்பர் சொல்லலீன்னா பனியில அதே நெனப்பாவே வண்டி ஓட்டுவாரு. நீயே சரி பண்ணிக் குடு" என்றாள்.

ராசிபுரத்துக்குப் போகவில்லை. கொண்டுவந்திருந்த சாமான் பையோடு அவர்கள் கிணற்று மோட்டார் ரூமில் உட்கார்ந்தேன். முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் பக்கத்தில், அதை வெடுக்கென்று மூடிவிடுகிற சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று. ஒரு வரிசை முழுசாக அணைந்த பிறகே அடுத்தது எரிகிற மாதிரி நடுவில் துளி இடைவெளி. பிறகு ஓட்டத்தை ஏற்றினேன், பலமடங்கு. விரலை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். ஆனால் விரல் சொல்வதையும் கண் சொல்வதையும் நம்புகிற தைரியம் எனக்குப் போய்விட்டிருந்தது.

தங்கை ஓர் அட்டைப்பெட்டியில் நாலைந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வைத்தாள். கதவைச் சாத்தினோம். முதலில் பழைய ஓட்டத்தில் பலகையைப் போட்டேன். எனக்கு ஒரு துடிப்பும் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. குஞ்சுகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பெட்டியின் நிழல் பக்கமாக ஓடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உடனே அணைத்தேன். அவை அடங்கியதும் புது ஓட்டத்தில் போட்டேன். ஒரு குஞ்சு பலகையை நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் நான் நின்ற மாதிரி டிப்ளமோ வாய்மொழித் தேர்விலும் நின்றதில்லை. அது தலையைத் திருப்பிக்கொண்டு தீவனத்தைக் கொத்தியது.

பெட்டிக்குள் நாலைந்து கொத்துவது வேறு, ஷெட் முழுக்கக் கொத்துவது வேறு. மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் பலகையைத் திரும்ப மாட்டினோம். தங்கை மூலையில் மண்டி போட்டு, அள்ளுவதற்குத் தயாராகக் கைகளை விரித்து வைத்திருந்தாள். நான் பிளக்கின் மேல் கையை வைத்திருந்தேன். போட்டேன். முகத்தைத் திருப்பவில்லை.

சத்தம் நின்றது. அத்தனை குஞ்சும் தலையைத் தூக்கின. அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்ததோ தெரியாது, நான் பிளக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு எங்கோ நடுவில் ஒன்று கீச்சென்றது. தீவனத் தட்டில் மூக்கு படுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஊர்க்கதை மெல்லத் திரும்பியது. தங்கை விரித்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அங்கேயே நார்த்தூளில் உட்கார்ந்துவிட்டேன்.

பேட்ச் ஏறுகிற வரைக்கும் தினமும் பொழுது சாயும்போது நாங்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொண்டோம். "சத்தம் எப்பிடி?" என்று நான் கேட்பேன், அவள் போனை ஷெட் பக்கமாக நீட்டுவாள். லாரியில் கூண்டுகளை ஏற்றிய அன்று சூப்பர்வைசர் அந்தச் சாக்கை மறக்கவில்லை, ஆனாலும் அடுத்த குஞ்சுக்கு ஷெட்டைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மாசியில் ஒருநாள் நான் போயிருந்தேன். இரண்டாவது பேட்ச் ஷெட்டுக்குள் இருந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. நான் பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். தங்கையின் கணவர் வாசலில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். புருவத்துத் தழும்பில் பலகையின் சிவப்பு லேசாக விழுந்திருந்தது.

அடுப்படியிலிருந்து தங்கை கேட்டாள். "எத்தனைங்க காட்டுது?"

"தொண்ணூத்தி மூணு" என்றார் அவர், படுத்தபடியே.

உள்ளே செல்போன் அடித்தது. எனக்குத்தான் முதலில் தூக்கிவாரிப்போட்டது. எட்டிப் பார்த்தேன். தங்கை ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்துக் காதில் வைத்தாள். நின்றபடியே எடுத்தாள்.